நேற்றைய தண்ணீர்

கடிதம் சிங்களத்தில் இருந்தது, அதோடு கோர்த்திருந்த அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தது, வயிற்றெரிச்சல் மட்டும் பவுலினுக்குச் சுத்தத் தமிழில் வந்தது. பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். பானையின் கரியைக்கூட அவள் இன்னும் முழுசாகத் தேய்த்திருக்கவில்லை, அதற்குள் கொழும்பு அலுவலகத்துக்காரர்கள் அவளைத் தேய்க்க வந்துவிட்டார்கள்.

அக்கரப்பத்தனைக்கு மேலே ஊசிமலைத் தோட்டம். அதில் மேற்கணக்கு என்கிற மேல் பிரிவின் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கும் நூற்று நாற்பது குடும்பங்கள் ஒரு சங்கம் வைத்திருந்தன. சங்கம் என்றால் சந்தாக் கட்டிச் சண்டை போடுகிற சங்கமில்லை, மின்சாரம் செய்கிற சங்கம். மலையிலிருந்து இறங்கும் ஓடையை ஒரு சின்ன அணைக்கட்டில் மறித்து, குழாயில் இறக்கி, கீழே ஒரு மெஷினைச் சுற்றவிட்டு, வருகிற மின்சாரத்தை நாட்டின் மின்கம்பிக்கு விற்றார்கள். அந்த வருமானத்தில்தான் முன்பள்ளி ஓடியது, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வேன் ஓடியது. கொழுந்து பறிக்கிற கைகள் மெஷின் ஓட்டுவதா என்று டவுனில் சிரித்தவர்கள் எல்லாம் இந்த ஐந்து வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மெஷினை ஓட்டுவது லேசு. அதற்கான தாள்களை ஓட்டுவதுதான் கஷ்டம். சுற்றாடல் அனுமதிக்கு ஓர் அலுவலகம், தண்ணீருக்கு ஒன்று, நிலத்துக்குத் தோட்டக் கம்பெனி, கம்பிக்கு இன்னொருவர், மீட்டரைச் சோதிக்க வேறொருவர். இது காலாவதியானால் அது செல்லாது, அது இல்லாமல் இதைப் புதுப்பிக்க முடியாது. கோழி முந்தியா முட்டை முந்தியா கதைதான். இத்தனையையும் பதினொரு ஃபைல்களில் கட்டி மேய்ப்பது பவுலினின் வேலை. முப்பத்தெட்டு வயது, கணவன் கொட்டகலையில் லொறி ஓட்டுகிறவன், மூன்று மொழியும் எழுதுவாள். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போன பழைய பிள்ளைக்காம்பராவின் ஒரு பாதியைத் தடுத்துக் கொடுத்த அறைதான் அவள் ஆபீஸ். மறு பாதியில் முன்பள்ளிப் பிள்ளைகள் நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும்.

கடிதம் சொன்னது இதுதான். உற்பத்தி லைசன்ஸ் ஜனவரி முப்பத்தொன்றோடு முடிகிறது. புதுப்பிக்க முடியாது. ஏனென்றால் கடந்த வருஷம் ஒன்பது நாட்கள் சங்கம் நிபந்தனையை மீறியிருக்கிறது. அணைக்கட்டில் நட்ட அளவுகோல் முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் மெஷினை நிறுத்திவிட்டு, வருகிற தண்ணீரையெல்லாம் ஓடையிலேயே விட வேண்டும். கீழ்க்கணக்கு லயங்களுக்கும் ஓடை மீனுக்கும் அதுதான் தண்ணீர். ஆனால் சங்கம் அனுப்பிய கணக்குப்படியே, ஒன்பது நாட்கள் கோல் முப்பதுக்குக் கீழே, மெஷினோ முழு வேகத்தில். போதாததற்கு மார்ச் பத்தாம் திகதிக்கு அளவே இல்லை, பதினாறாம் திகதிக்கு இரண்டு அளவு. இருபத்தெட்டாம் திகதி அதிகாரி நேரில் வருவார், காரணம் இருந்தால் சொல்லலாம்.

பவுலின் அட்டவணையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கீழ்க்கணக்கின் தண்ணீரைத் திருடினோமா? அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அவளைப் பெற்ற தாயே கீழ்க்கணக்கில்தான் இருக்கிறாள்.

அதைவிடச் சுட்டது வேறொன்று. ஒவ்வொரு மாதத் தாளின் அடியிலும் 'சரிபார்த்தேன்' என்று அச்சடித்த வரி, அதன்மேல் அவளுடைய கையெழுத்து. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு கையெழுத்து. உண்மையில் அவள் செய்தது என்ன? அணைக்கட்டுக் கொப்பியில் இருந்த அளவை ஒரு தாளுக்கும், மெஷின் கொப்பியில் இருந்ததை இன்னொரு தாளுக்கும் பார்த்து எழுதினாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருநாளாவது பார்த்தாளா என்றால், அதுதான் இல்லை. பதினொரு ஃபைலோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு நேரம் எங்கே? நியாயம்தான். ஆனால் நியாயத்தைக் கொழும்புக்குத் தபாலில் அனுப்ப முடியாது.

சங்கத் தலைவர் யோகேஸ்வரனுக்குச் சேதி எட்டியதும் மூச்சிரைக்க வந்துவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் எந்தக் கதவையும் பின்பக்கமாகத்தான் திறக்கப் பார்ப்பார்.

"இதுக்குப் போயி ஏன் தங்கச்சி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கீங்க? புதுக் கொப்பி ஒண்ணு வாங்குவோம். ஒம்பது நாளையும் முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டுன்னு மாத்தி எழுதுவோம். மேல கொஞ்சம் தேத்தண்ணியத் தெளிச்சி வெயில்ல காயப்போட்டா பழைய கொப்பி மாதிரியே ஆயிரும்."

"அனுப்புன தாளெல்லாம் அவுங்க கையில இருக்குண்ணே."

"எழுதுறப்ப கை தவறிருச்சின்னு சொல்லுங்க."

"ஒம்பது தடவையா?"

யோகேஸ்வரன் தலையைச் சொறிந்தார். "வெள்ளம் தலைக்கு மேல போயிருச்சி தங்கச்சி. இனி சாண் என்ன, முழம் என்ன?"

சொல்லப்போனால் பவுலினுக்கும் ஆசை வராமல் இல்லை. ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு பகல். முன்பள்ளியில் அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் "கை வீசம்மா" பாடிக்கொண்டிருந்தன. மெஷின் நின்றால் அந்தப் பாட்டும் நின்றுபோகும். அவள் பதில் சொல்லவில்லை. யோகேஸ்வரன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கொப்பி வாங்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் அணைக்கட்டுக்கு ஏறினாள். திருடியது யார் என்று நேரிலேயே கேட்டுவிடுவது என்று முடிவு. புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகிக் கிடந்தது, காலில் போட்ட இரண்டு சோடிக் காலுறையும் நனைந்துபோனது. அளவு பார்க்கிறவர் பொன்னையா. தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் இருபத்தாறு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். குளிருக்குத் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, கோலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். முதலில் போனை எடுத்து, கீழே மெஷின் ஓட்டும் நிரஞ்சனிடம் "முப்பத்திமூணு. ஓடட்டும்" என்றார். பிறகு கொப்பியை விரித்து எழுதினார்.

பவுலின் எட்டிப் பார்த்தாள். எழுதியது சரிதான், முப்பத்துமூன்று. எழுதிய வரிதான் சரியில்லை.

"மாமா, இன்னைக்கிப் பத்தொம்பது. நீங்க பதினெட்டுல எழுதுறீங்க."

"ஆமா. பதினெட்டுலதான் எழுதணும்."

"ஏன்?"

பொன்னையா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். இத்தனை படித்தும் இது தெரியவில்லையே என்கிற பரிதாபம். "இப்பதானே ஆயி விடிஞ்சிருக்கு? இன்னைக்கித் தண்ணி இன்னும் வரவே இல்லியே. இது நேத்துத் தண்ணி. பெக்டரியில மழைக்கோல் பாக்குறப்பவும் அப்படித்தான். காலையில அளக்குறது நேத்துப் பேஞ்ச மழை. அத இன்னைக்கித் திகதியில எழுதுனா தொரை கொப்பியத் தூக்கி மூஞ்சிலயே வீசுவாரு. இருபத்தாறு வருசத்துல ஒருநாள் நான் பிழை விட்டதில்ல, கேட்டுப்பாரு."

பவுலின் அந்த உறைபனிப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். வருஷம் பூராவும், ஒவ்வொரு அளவும், ஒரு நாள் முந்திய திகதியில்! கோல் இறங்கிய காலையில் மனுஷன் போனில் ஒழுங்காக "நிப்பாட்டு" என்றிருக்கிறார், நிரஞ்சனும் ஒழுங்காக நிறுத்தியிருக்கிறான். ஆனால் அந்த இறங்கின அளவு, மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முந்தின நாளில் போய்க் குந்திக்கொண்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டில் எதை முதலில் செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள்.

"என்னா ஆயி, நான் ஏதும் பிழையா..."

"தண்ணிய நாம திருடல மாமா. அது போதும்."

விஷயம் முழுதும் விளங்கியபோது பொன்னையாவின் முகம் செத்துப்போனது. "எழுதிக் குடுத்துர்றேன். எல்லாம் என் பிழைதான்னு கையெழுத்து வச்சித் தந்துர்றேன். இனிமே நான் கோல் பாக்கல" என்று கொப்பியை அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவள் கூப்பிட்டும் திரும்பவில்லை.

உண்மை தெரிந்துவிட்டது, சரி. அதை நம்ப வைப்பது எப்படி? பிடிபட்ட பிறகு "ஒரு நாள் தள்ளிப் படிங்க மெடம், எல்லாம் சரியா வரும்" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பவுலின் அன்று பகல் முழுதும் இரண்டு கொப்பிகளையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒரு வருஷத்துக்கு முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை. பிற்பகலில் மார்ச் மாதத்துக்கு வந்தபோது அவளுடைய விரல் நின்றது. அந்த இடத்தில் கையெழுத்து வேறு.

நிரஞ்சனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அது நான்தாங்க்கா. மாமாட சம்பந்தி வீட்டுல எழவுன்னு வட்டகொடைக்குப் போனாரே. பதினொண்ணுலருந்து பதினாறு வரைக்கும் நான்தான் மேல ஏறிப் பாத்தேன்."

"நீ எந்தத் திகதியில எழுதுன?"

"அன்னன்னைக்கித் திகதியிலதான். வேற எதுல எழுதுறது?" என்றான் நிரஞ்சன்.

பவுலின் ஜன்னலைத் திறந்து, வெளியே யாருமில்லாத தேயிலையைப் பார்த்து "மாதாவே!" என்று கத்தினாள். பக்கத்து அறையில் பாட்டு நின்று, பிறகு மறுபடி தொடங்கியது.

இருபத்தெட்டாம் திகதி அதிகாரி வந்தார். அபேகோன் என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும், ஜீப்பை ரோட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்கு நடந்தே இறங்கி வந்தார். சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. தேநீரைக்கூட "பிறகு பார்க்கலாம்" என்று சிங்களத்தில் ஒதுக்கிவிட்டார். யோகேஸ்வரன் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு துணிப்பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பைக்குள் என்ன என்று பவுலினுக்குத் தெரியும். தேயிலைச் சாய வாசனை லேசாக அடித்தது. "பேச்சு சரிவரலன்னா எடுத்து நீட்டிருவேன்" என்று காலையிலேயே காதில் சொல்லியிருந்தார்.

"அணைக்கட்டுக் கொப்பி?" என்று அம்மாள் கையை நீட்டினார்.

யோகேஸ்வரனின் கை பைக்குள் போனது. பவுலின் அதற்கு முந்திக்கொண்டு, ஓரமெல்லாம் சேறு பட்ட பழைய கொப்பியை மேசையில் வைத்தாள். மெஷின் கொப்பியையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு சிங்களத்தில் பேசத் தொடங்கினாள்.

"மிஸ், நீங்கள் பிழை என்று குறித்த இரண்டு இடத்தையும் முதலில் பாருங்கள். மார்ச் பத்து வெறுமை. பதினாறில் இரண்டு அளவு. எங்கள் ஆள் காலையில் அளந்ததை முந்தின நாளில் எழுதுவார், மழை அளக்கிற பழக்கம். பத்தாம் திகதி காலை அளந்து ஒன்பதில் எழுதிவிட்டு எழவுக்குப் போனார். பதினொன்று காலை வேறொருவர் அளந்து பதினொன்றிலேயே எழுதினார். நடுவில் பத்து வெறுமை. போனவர் பதினேழாம் திகதி காலை வந்து அளந்தார், பதினாறில் எழுதினார். அங்கே ஏற்கனவே ஒன்று இருந்தது."

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஆறு நாளை மட்டும் மெஷின் கொப்பியோடு பாருங்கள். பதின்மூன்றாம் திகதி கோல் இருபத்தேழு. பதின்மூன்றாம் திகதி மெஷின் நின்றிருக்கிறது. ஒரு நாள்கூடப் பிசகவில்லை. மற்ற நாட்களை ஒரு நாள் தள்ளிப் பாருங்கள், ஒன்பதும் அப்படியே பொருந்தும். இன்னொன்று, மிஸ். உங்கள் அட்டவணையில் மீறின நாட்களைத்தான் எடுத்திருக்கிறீர்கள். கோல் முப்பதுக்கு மேலே இருந்தும் நாங்கள் மெஷினை நிறுத்தி வைத்த நாட்கள் என்று இதே கொப்பியில் ஒன்பது இருக்கிறது. தண்ணீர் திருடுகிறவன், தண்ணீர் நிறைய இருக்கும்போது மெஷினை நிறுத்துவானா?"

அம்மாள் பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டுப் போனார். யோகேஸ்வரன் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். கடைசியில் அம்மாள் ஒரு மாதத் தாளை எடுத்து, அடியில் விரலை வைத்தார்.

"இங்கே 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்து இருக்கிறது. யாருடையது?"

"என்னுடையது."

"சரிபார்த்தீர்களா?"

பவுலின் அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். ஆமாம் என்றால் பொய். கிழவருடைய பழக்கம் என்று அவர் தலையில் கட்டினால் முழுப் பொய்யில்லை, ஆனால் அரைப் பொய். அவர் அளந்ததில் ஒரு சென்டிமீட்டர்கூடப் பிழையில்லை. பிழையைப் பிடிக்க வேண்டியவள் இவள்தானே? இல்லை என்றால் வேலை போகும். போனால் போகட்டும் என்று நினைக்க அவள் ஒன்றும் தியாகியில்லை.

"இல்லை மிஸ். பார்த்து எழுதினேன். சரிபார்க்கவில்லை. பிழை அவருடையதில்லை, என்னுடையது."

அம்மாள் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "அளக்கிறவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் வெளியே இருங்கள்" என்றார்.

பொன்னையா வருவதாயில்லை. நிரஞ்சன் லயத்துக்கு ஓடிப்போய், கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தான். உள்ளே அம்மாள் அவரிடம் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, இன்று காலை முப்பத்திரண்டு என்றால் எந்தத் திகதியில் எழுதுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இத்தனை அமளிக்குப் பிறகும் மனுஷன் கொஞ்சம்கூட யோசிக்காமல் இருபத்தேழில் எழுதினாராம். அம்மாள் சிரித்துவிட்டாராம். அதோடு விடாமல் பெக்டரிக்கு நடந்துபோய், அங்கேயிருந்த மழைக் கொப்பியையும் பார்த்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். "முடிவு என் கையில் மட்டும் இல்லை, எழுதி அனுப்புகிறேன்" என்றார். தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார் என்பதில் மட்டும் யோகேஸ்வரனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை.

ஜனவரி முடிந்தது, லைசன்ஸ் முடிந்தது, மெஷினை நிறுத்தினார்கள். பதின்மூன்று நாள் அது சும்மா கிடந்தது. வேன் ஓடவில்லை. ஒரு பிள்ளைத்தாய்ச்சியை மூன்று சக்கர வண்டியில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனார்கள். அந்த வண்டி திரும்பி வரும்வரை பவுலின் லயத்து வாசலிலேயே நின்றாள். ஆண் குழந்தை, தாயும் சேயும் சுகம் என்ற பிறகுதான் வீட்டுக்குப் போனாள்.

பதினான்காம் நாள் கடிதம் வந்தது. ஒன்பது மீறல்களும் நீக்கப்பட்டன. பதிவு வைத்த முறையில் குறைபாடு என்று எழுதிக் கண்டித்திருந்தார்கள். ஐந்து வருஷத்துக்குப் பதிலாக ஒரு வருஷத்துக்கு லைசன்ஸ். நிபந்தனை ஒன்று: சரிபார்க்கும் அலுவலர் வாரம் ஒருநாள் அளக்கும் இடத்தில் நேரில் நின்று, அங்கேயே கையெழுத்திட வேண்டும். அலுவலரின் பெயர் என்ற இடத்தில் பவுலின் என்று இருந்தது. வேலை போகவில்லை என்பது அந்த வரியில்தான் அவளுக்குத் தெரிந்தது. கடிதத்தை மடித்துக்கொண்டு நேரே பொன்னையா வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கிக் காலையில ஆறரைக்கு, மாமா. நான் ஒத்தையா நின்னு கையெழுத்து வைக்க முடியாது. அளக்குறவரு வரணும்."

"நான்தான் பாக்கலன்னு சொன்னேனே."

"ஒரு சென்டிமீட்டர் பிழை இல்லாம வருசம் பூரா அளந்த ஆளு வேற யாரு இருக்கா, சொல்லுங்க. அவுங்களக் கூப்புடுறேன்."

மறுநாள் காலையில் பொன்னையா தலையில் சாக்கோடு அணைக்கட்டில் முதல் ஆளாக நின்றார்.

மெஷினை மறுபடி திறக்கும் நாளென்பதால் மேற்கணக்கே அணைக்கட்டுக்கு ஏறி வந்துவிட்டது. யோகேஸ்வரன் தேங்காய், கற்பூரம், ஒரு கூடை வடை எல்லாம் ஏற்பாடு பண்ணியிருந்தார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். கீழே நிரஞ்சன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கையை வால்வில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பொன்னையா குந்தினார். கோலைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பவுலினும் பக்கத்தில் குந்திப் பார்த்தாள்.

"இருபத்தொம்பது" என்றார் பொன்னையா.

கைதட்டல் அடங்கியது. மாசி மாதம், மூன்று வாரமாக மழையில்லை. இரண்டு வாரம் காத்திருந்த கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. "ஒரு சென்டிமீட்டர்தானே?" என்று பின்னால் ஒரு குரல். "அங்கிட்டு இருந்து பாத்தா முப்பது மாதிரிதான் தெரியிது" என்று இன்னொன்று. எல்லோருடைய கண்ணும் பவுலின் மேல் இருந்தது. அவள் யோகேஸ்வரனைப் பார்த்தாள்.

யோகேஸ்வரன் தலையைச் சொறிந்தார், ஓடையைப் பார்த்தார், கீழ்க்கணக்கு லயங்களின் தகரக் கூரைகளைப் பார்த்தார். பிறகு, "என்னா எல்லாரும் எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? வடைய எடுங்க, ஆறிப்போகுது. மழை வராமயா போயிரும்? நிரஞ்சன்கிட்டச் சொல்லுங்க தங்கச்சி, தெறக்க வேணாம்னு" என்றார்.

பவுலின் போனில் சொன்னாள். தண்ணீர் அணைக்கட்டைத் தாண்டி, முழுசாக, கீழ்க்கணக்குக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. பொன்னையா புதுக் கொப்பியை விரித்து, பேனையை ஒரு கணம் அந்தரத்தில் பிடித்து, அவளை ஒருதரம் பார்த்துவிட்டு, அன்றைய திகதியில் இருபத்தொன்பது என்று எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் 'சரிபார்த்தேன்' என்று அச்சடித்திருந்தது. பன்னிரண்டு மாதம் கையெழுத்துப் போட்ட அந்தச் சொல்லுக்கு நேரே, கையெல்லாம் வடை எண்ணெயோடு, பவுலின் முதன்முதலாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.